நூலக மேசை: விக்கி குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

நூலகப் பணியிலும் ஆய்விலும் விக்கியை, அதாவது பயன்படுத்துகிறவர்களே எழுதித் திருத்தக்கூடிய இணையதளத்தை, பயன்படுத்துவது பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி, எனக்கு அனுபவம் உள்ள அளவில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றும் மூத்த உதவியாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். எந்தப் பருவ இதழின் எந்தத் தொகுதி ஏன் வேறு தட்டில் இருக்கிறது என்பது போன்ற நூறு விஷயங்கள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவற்றையெல்லாம் ஒரு விக்கியில் ஏற்றிவிடலாமா? எந்த மென்பொருள் ஏற்றது?
— கல்லூரி நூலகர் ஒருவர்

பதில்: ஏற்றலாம். ஆனால் அவரை ஒரு கணினியின் முன் உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. திறக்கும் நேரம், மூடும் நேரம், தாமதக் கட்டணம் என்று ஏற்கெனவே அறிவிப்புப் பலகையில் இருப்பதைத்தான் எழுதித் தருவார்கள். முப்பது ஆண்டு அனுபவத்தை வெளியே கொண்டுவருவது மேசைக்கு வந்து நிற்பவரின் கேள்விதான். எனவே இளைய பணியாளர் ஒருவரை இரண்டு மூன்று மாதங்களுக்கு அவர் அருகில் அமர்த்துங்கள். அன்றன்று வந்த கேள்வியையும் மூத்தவர் சொன்ன பதிலையும் இளையவர் எழுதட்டும். மறுநாள் காலையில் மூத்தவர் அதைப் படித்து, தவறானதைத் தம் கையாலேயே திருத்தட்டும்.

நான் முன்பு பணியாற்றிய நூலகம் ஒன்றில், ஓர் இதழின் 14ஆம் தொகுதி தொலைந்துவிட்டதாக நூற்பட்டியலில் குறிக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது எங்கள் தட்டிலேயே இருந்தது. கட்டு வேலை செய்தவர் அதன் முதுகில் தவறுதலாக 15 என்று பொறித்துவிட்டதால், அடுத்தடுத்து இரண்டு 15கள் நின்றன. யாரும் இரண்டாவதைத் திறந்து பார்க்கவில்லை. இந்தச் செய்தி ஓய்வு பெற்றுப் போன ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பின் வந்த எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதற்கு மூன்று வரி போதும்: எந்த இதழ், எந்தத் தட்டு, இரண்டு 15களில் இடப்புறம் இருப்பதே 14. பக்கத்தின் தலைப்பும் 'பருவ இதழ்த் தொகுதிகளில் கட்டுப் பிழைகள்' என்று அலுவலக நடையில் இல்லாமல், தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வாரோ அந்தச் சொல்லில், அதாவது இதழின் பெயரும் தொகுதி எண்ணுமாக இருக்கவேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, பெரிய தேர்வு ஏதும் இல்லை. விக்கிப்பீடியா இயங்குவது மீடியாவிக்கியில். அது தரவுத்தளம் கேட்கும், பராமரிக்கக் கணினி அறிந்த ஒருவர் வேண்டும், பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகினாலும் தாங்கும். டோக்குவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண உரைக் கோப்பாகவே சேமிக்கிறது, தரவுத்தளம் தேவையில்லை, கோப்புறையை அப்படியே படியெடுத்தால் காப்பு நகல் தயார். இன்னொரு வேறுபாடும் உண்டு. எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது மீடியாவிக்கி. இந்தப் பக்கத்தை இன்னார் மட்டுமே படிக்கவேண்டும் என்ற தடுப்புக்கு அதை நம்பக்கூடாது என்று அதை உருவாக்குகிறவர்களே எச்சரிக்கிறார்கள். டோக்குவிக்கியில் பக்கவாரியாக அனுமதி வகுக்க வழி இருக்கிறது. பத்துப் பேர் பணியாற்றும் நூலகத்துக்கு நான் டோக்குவிக்கியையே சொல்வேன்.

எதை நிறுவினாலும் முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தை வற்புறுத்துங்கள். மாற்றத்தைச் சேமிக்கும்போது, ஏன் மாற்றினோம் என்பதை எழுதுவதற்கென ஒரு சிறு பெட்டி இருக்கும்; அதை வெறுமையாக விடக்கூடாது. உதவியாளரின் குறிப்பேட்டில் இப்போது நடைமுறையில் உள்ள விதி மட்டும் இருக்கும். விக்கியின் வரலாற்றுப் பக்கத்திலோ அந்த விதி முன்பு எப்படி இருந்தது, யார் எப்போது மாற்றினார், என்ன காரணம் சொன்னார் என்பதும் இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து, இதை ஏன் இப்படிச் செய்கிறோம் என்று புதியவர் ஒருவர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது அந்தப் பெட்டியில் எழுதிய ஒற்றை வரிதான். விக்கியில் நூலகத்துக்கு மிகவும் பயன்படுவது எது என்று என்னைக் கேட்டால், நான் இந்த வரலாற்றுப் பக்கத்தையே காட்டுவேன்.

கேள்வி: விக்கி தொடங்கி எட்டு மாதம் ஆயிற்று. படிக்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை. பிழை கண்டாலும் என்னிடம் வந்து வாயால் சொல்கிறார்களே ஒழியத் திருத்துவதில்லை. பரிசு அறிவிக்கலாமா?
— பொது நூலகம் ஒன்றின் தலைமை நூலகர்

பதில்: பரிசில் எனக்கு நம்பிக்கை இல்லை. பரிசு வாரத்தில் இருபது பக்கங்கள் முளைக்கும். அவற்றுள் பதினெட்டு யாருக்கும் வேண்டாதவையாக இருக்கும்.

உங்கள் பணியாளர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. இன்னொருவர் எழுதியதை, அதிலும் மேலதிகாரி எழுதியதை, அடித்துத் திருத்துவது மரியாதைக்குறைவு என்ற எண்ணம் கையைப் பிடிக்கிறது. பிழையை உங்களிடம் வாயால் சொல்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அப்படி வருகிறவரிடம், நன்றி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாமல், உங்கள் கணினியிலேயே பக்கத்தைத் திறந்து நாற்காலியை அவருக்குக் கொடுங்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்தை உங்கள் கண்முன்னே அவர் மாற்றி, அந்த மாற்றம் அப்படியே நிலைத்தும் விட்டால், செய்தி அன்று மாலைக்குள் எல்லாருக்கும் போய்ச் சேரும். வாதத்துக்கு இடமுள்ள மாற்றங்களைப் பக்கத்தின் பின்னால் இருக்கும் உரையாடல் பக்கத்தில் முதலில் எழுதச் சொல்லலாம். எடுத்த எடுப்பிலேயே வெட்டத் தயங்குகிறவர்களுக்கு அது நல்ல நடைவழி.

மற்றொன்று, விக்கிக்குப் போட்டியாக இருப்பவற்றை அகற்றுங்கள். அதே நடைமுறை ஒரு கோப்பிலும், வாட்ஸ்அப் குழுவிலும், சுவரில் ஒட்டிய தாளிலும் இருக்கும்வரை விக்கி நான்காவது இடமாகத்தான் இருக்கும். குழுவில் யாராவது கேள்வி கேட்டால் பதிலை அங்கே எழுதாமல், விக்கியில் எழுதிவிட்டு அதன் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பணியாளர் கூட்டக் குறிப்பையும் கூட்டம் நடக்கும்போதே விக்கியில் எழுதலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த நாளும் இருக்கட்டும். எல்லாருக்கும் பொது என்று விட்டுவிட்ட பக்கத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

கேள்வி: விக்கி என்ற சொல் எந்த மொழி?
— பள்ளி மாணவர்

பதில்: ஹவாய் மொழி, விரைவு என்று பொருள். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம், யார் வேண்டுமானாலும் உடனே திருத்தக்கூடிய ஓர் இணையதளத்தை 1995 மார்ச் 25 அன்று வெளியிட்டபோது அதற்கு விக்கிவிக்கிவெப் என்று பெயர் வைத்தார். ஹொனலுலு விமான நிலையத்தில் முனையங்களுக்கு இடையே ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயர் அவர் நினைவில் நின்றிருந்தது. விக்கிப்பீடியா பிறந்தது அதற்குப் பிறகு, 2001 ஜனவரி 15 அன்று; தமிழ் விக்கிப்பீடியா 2003இல். கலைக்களஞ்சியம் என்பது விக்கியின் ஒரு பயன் மட்டுமே. விக்கி என்றதும் எல்லாருக்கும் விக்கிப்பீடியா மட்டும் நினைவுக்கு வருவதால், அலுவலக விக்கி என்று சொன்னால் சிலர் திகைக்கிறார்கள்.

கேள்வி: என் ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது என்று நெறியாளர் கண்டிப்பாகச் சொல்கிறார். அச்சுக் கலைக்களஞ்சியத்துக்கு இணையான நம்பகத்தன்மை அதற்கு உண்டு என்று படித்திருக்கிறேன். யார் சொல்வது சரி?
— ஆய்வு மாணவி

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். நீங்கள் படித்தது பெரும்பாலும் 2005இல் நேச்சர் இதழ் நடத்திய ஒப்பீடாக இருக்கும். அறிவியல் தலைப்புகளில் 42 இணைக் கட்டுரைகளை எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று பிழைகளும் அகப்பட்டன. பிரிட்டானிக்கா அந்த ஆய்வுமுறையைக் கடுமையாக மறுத்தது, நேச்சர் பின்வாங்கவில்லை. அந்த ஆய்வு அப்படியே இருக்கட்டும். அதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் முடிவு, பிரிட்டானிக்காவையும் மேற்கோள் காட்டாதீர்கள் என்பதே. கலைக்களஞ்சியம் எதுவானாலும் ஆய்வு தொடங்கும் இடம். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் நிற்கவேண்டியது அந்தக் கட்டுரை எந்தச் சான்றின்மேல் நிற்கிறதோ அந்தச் சான்று. தன்னில் சொந்த ஆய்வு இடம்பெறக்கூடாது என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று. அப்படியானால் அங்கே நீங்கள் காணும் ஒவ்வொரு செய்தியும் வேறெங்கோ முதலில் சொல்லப்பட்டிருக்கவேண்டும். நீங்கள் போகவேண்டிய இடம் அதுதான்.

போகாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு விலங்கின் கதை இருக்கிறது. தென் அமெரிக்காவில் வாழும் கோட்டி என்ற விலங்குக்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று 2008இல் ஒரு மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக ஒரு சொற்றொடரைச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு. இதற்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனால் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் வந்தது, நூல்களில் வந்தது; பிறகு அந்தச் செய்தித்தாளே விக்கிப்பீடியாக் கட்டுரைக்குச் சான்றாகவும் சேர்க்கப்பட்டது. உண்மை 2014இல்தான் வெளியானது. அடிக்குறிப்பு இருக்கிறது, சான்று அச்சில் வந்திருக்கிறது, இரண்டையும் சரிபார்த்தாயிற்று. ஆனாலும் செய்தி பொய்.

இதைப் பிடிக்கும் கருவியும் விக்கியிலேயே இருக்கிறது. கட்டுரையின் வரலாற்றைத் திறந்து, நீங்கள் ஐயப்படும் வாக்கியம் எந்த நாளில் நுழைந்தது என்று பாருங்கள். பிறகு அதற்குச் சான்றாகக் காட்டப்படும் நூலோ செய்தியோ எந்த நாளில் வெளிவந்தது என்று பாருங்கள். வாக்கியம் முந்தியும் சான்று பிந்தியும் இருந்தால், அந்தச் சான்று விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கலாம். அதற்கும் முந்திய ஆதாரம் கிடைக்கும்வரை அதைத் தொடாதீர்கள். அச்சுக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வாக்கியம் எப்போது, யாரால் நுழைந்தது என்று கண்டறிய உங்களுக்கு வழியே இல்லை என்பதையும் நெறியாளரிடம் பணிவாகச் சொல்லலாம்.

மேற்கோள் காட்டியே தீரவேண்டிய நிலையும் உண்டு. விக்கிப்பீடியாவே உங்கள் ஆய்வுப் பொருளாக இருந்தால், ஒரு தலைப்பு அங்கே எப்படிச் சித்திரிக்கப்படுகிறது என்பதே உங்கள் வினாவாக இருந்தால், வேறு எதை மேற்கோள் காட்டுவது? அப்போது பக்கத்தின் பொதுவான முகவரியைக் கொடுக்கக்கூடாது. அது நாளை வேறு உரையைக் காட்டும். பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் 'நிலையான இணைப்பு' என்பதைச் சொடுக்கினால், நீங்கள் படித்த அந்தப் பதிப்புக்கு மட்டும் உரிய எண்ணோடு முகவரி வரும். அதையும் நாளையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: வாசகர் கேட்ட கேள்விகளையும் அவர் பெயரையும் விக்கியில் பதிந்துவைத்தால் தொடர்ந்து உதவ வசதியாக இருக்குமே?
— குறிப்புதவிப் பிரிவுப் பணியாளர்

பதில்: கேள்வியைப் பதியுங்கள், பெயர் கூடாது. யார் எதைப் படித்தார், எதைத் தேடினார் என்பது அவருடைய சொந்த விஷயம். தவறுதலாக எழுதிவிட்டால் அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பக்கத்திலிருந்து அழித்தாலும் பழைய பதிப்பில் அது படிக்கும் நிலையிலேயே இருக்கும். மீடியாவிக்கியில் நிர்வாகி அந்தப் பதிப்பை மறைக்கலாம் என்றாலும் அது அவர் கவனத்துக்கு வந்தால்தானே? தரவுத்தளங்களின் கடவுச்சொல்லுக்கும் இதுவே விதி. கடவுச்சொல் விக்கியில் ஏறிவிட்டது என்று தெரிந்தால் பக்கத்தைத் திருத்தி நேரத்தைப் போக்காமல் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், மூன்று ஊர்களில் இருந்துகொண்டு ஒரு பொருளடைவு தொகுக்கிறோம். கூகுள் டாக்ஸ் போதுமா, விக்கி வேண்டுமா? யார் எவ்வளவு செய்தார் என்பதை விக்கி வரலாற்றைக் கொண்டு கணக்கிடலாமா?
— ஆய்வுக் குழுவினர்

பதில்: ஒரு நாள் முடிந்துவிடும் ஆவணத்துக்கு, அதாவது கட்டுரைக்கோ அறிக்கைக்கோ, பகிர்ந்த ஆவணம் போதும். ஒன்றையொன்று சுட்டும் நூற்றுக்கணக்கான சிறு பதிவுகளுக்கு விக்கி வேண்டும். பொருளடைவு இரண்டாவது வகை. ஒரு தலைப்பை எழுதும்போதே இன்னும் எழுதப்படாத மற்றொரு தலைப்புக்கு இணைப்புக் கொடுத்துவிட்டால், அது சிவப்பாக நிற்கும். அந்தச் சிவப்பு இணைப்புகளே நாளை செய்யவேண்டிய வேலையின் பட்டியல் ஆகிவிடும். ஒரே பொருளுக்கு வழங்கும் மாற்றுச் சொற்களுக்கு வழிமாற்றுப் பக்கங்களை அமைத்துவிட்டால், 'காண்க' குறிப்புகள் எழுதும் வேலை பாதி குறையும்.

கணிதத்தில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. டிமோத்தி கவர்ஸ் 2009இல் தொடங்கிய பாலிமாத் திட்டத்தில், கடினமான ஒரு தேற்றத்துக்குப் புதிய நிறுவலைப் பலர் கூடித் திறந்த வெளியில் தேடினார்கள். விவாதம் வலைப்பதிவின் பின்னூட்டங்களில் ஓடியது. அதில் தேறியதை அவ்வப்போது விக்கியில் தொகுத்துவைத்தார்கள். விவாதம் ஓர் இடத்திலும் அதன் விளைவு வேறோர் இடத்திலும் இருந்ததால், நடுவில் வந்து சேர்ந்தவர் நூற்றுக்கணக்கான பின்னூட்டங்களை முதலிலிருந்து படிக்கவேண்டிய தேவை குறைந்தது. அந்தத் திட்டத்தின் கட்டுரைகள் தனிப்பட்டவர்களின் பெயரில் வராமல் 'டி. எச். ஜே. பாலிமாத்' என்ற கூட்டுப் பெயரில் வந்தன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுவே பாதி விடை. வரலாற்றுப் பக்கம் யார் எத்தனை முறை சேமித்தார் என்று சொல்லும். யார் யோசித்தார் என்று சொல்லாது. பத்து நாள் நூலகத்தில் அமர்ந்து ஒரு தலைப்பைத் தீர்மானித்தவர் ஒரே முறை சேமித்திருப்பார். ஒற்றுப்பிழை திருத்தியவர் நாற்பது முறை சேமித்திருப்பார். பெயர்வரிசையைத் தொடக்கத்திலேயே பேசி முடித்து, அந்த முடிவையும் விக்கியில் ஒரு பக்கமாக எழுதிவையுங்கள்.

கேள்வி: கட்டுரை எழுத நேரமில்லாத நூலகர் விக்கிப்பீடியாவுக்கும் அதன் துணைத் திட்டங்களுக்கும் என்ன செய்ய முடியும்?
— பல்கலைக்கழக நூலகர்

பதில்: கட்டுரை எழுதுவதைவிட நூலகருக்குப் பொருத்தமான வேலைகள் அங்கே இருக்கின்றன. 'சான்று தேவை' என்ற குறிப்போடு நிற்கும் வாக்கியங்களுக்குச் சான்று தேடிச் சேர்ப்பது ஒன்று. விக்கிப்பீடியாவின் பதினைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2016 ஜனவரியில் தொடங்கிய 'ஒரு நூலகர், ஒரு மேற்கோள்' இயக்கம் கேட்டதும் இவ்வளவுதான்: உலகில் உள்ள ஒவ்வொரு நூலகரும் ஒரு மேற்கோளைச் சேர்க்கவேண்டும். நூலகருக்கு அது கால் மணி நேர வேலை.

இரண்டாவது விக்கித்தரவு, அதாவது ஆள், நூல், இடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வைக்கும் தரவுக் களஞ்சியம். பெயர் ஒழுங்கு என்பது நமக்கு அன்றாடத் தலைவலி. கல்கி என்று தேடினால் எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தி வருவார், அவர் தொடங்கிய இதழ் வரும், திருமாலின் பத்தாம் அவதாரமும் வரும். எழுத்தாளரோ ஒரு நூலில் கல்கியாகவும், வேறொன்றில் ரா. கிருஷ்ணமூர்த்தியாகவும், ஆங்கிலப் பட்டியலில் நாலைந்து எழுத்துக்கூட்டல்களிலும் கிடப்பார். 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. எல்லா மாற்றுப் பெயர்களும், பல நாட்டு நூலகங்கள் தந்த அடையாள எண்களும் அந்த ஒற்றை எண்ணின்கீழ் வந்து சேர்கின்றன. உங்கள் பட்டியலில் உள்ள ஆசிரியர்களுள் எத்தனை பேருக்கு அங்கே பதிவு இல்லை என்று ஒரு பிற்பகல் பார்த்தால், ஓர் ஆண்டுக்கான வேலை கிடைத்துவிடும்.

மூன்றாவது விக்கிமூலம். உரிமைக் காலம் முடிந்த நூல்களின் வருடப்பட்ட பக்கம் ஒருபுறமும், எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) தந்த உரை மறுபுறமும் திரையில் தெரியும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் அந்தப் பக்கத்தின் எண் மஞ்சளாகும். அதைப் பச்சையாக்க இன்னொருவர் வேண்டும். தன் மெய்ப்பைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது. எழுத்துணரிக்குக் காலும் ரகரமும் குழம்பும், மங்கிய புள்ளிகள் காணாமற்போகும். அதைக் கண்ணால் பிடிக்க நம்மைவிடப் பழகியவர்கள் யார்?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ தொடங்கிய விக்கி ஒன்று எங்கள் நூலகச் சர்வரில் கிடக்கிறது. ஏறத்தாழ 400 பக்கங்கள். யாரும் பார்ப்பதில்லை, பாதி காலாவதி. அழித்துவிடலாமா?
— நூலக உதவி இயக்குநர்

பதில்: அழிப்பதற்கு முன் ஏற்றுமதி செய்யுங்கள். ஆசிரியர்களும் நூலகர்களும் பெரிதும் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் சேவை 2018இல் மூடப்பட்டபோது, குறித்த நாளுக்குள் தங்கள் பக்கங்களை இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் அவை இன்றும் இருக்கின்றன; மற்றவர்கள் இழந்தார்கள். உங்களுடையது சொந்தச் சர்வரில் இருப்பதால் கெடு எதுவும் இல்லை என்று தோன்றும். அடுத்த முறை சர்வரை மாற்றுகிற நாள்தான் உங்கள் கெடு. மீடியாவிக்கியாக இருந்தால், பக்கங்களை அவற்றின் முழு வரலாற்றோடு ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம். படங்கள் அந்தக் கோப்பில் வராது. அவற்றைத் தனியே படியெடுக்கவேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

அதன்பின் 400 பக்கங்களையும் உயிர்ப்பிக்க முயலாதீர்கள். 'அண்மைய மாற்றங்கள்' பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். பார்வைப் பதிவுகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள், இல்லையேல் மேசைப் பணியாளர்களிடம் கேளுங்கள். இன்னமும் யாரோ தேடிவரும் பக்கங்கள் முப்பதோ நாற்பதோ தேறும். அவற்றைப் புதிய விக்கிக்கு வரலாற்றோடு கொண்டுபோங்கள். எஞ்சியதை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, முகப்பில் எந்த நாளோடு நின்றுவிட்டது என்று எழுதிவையுங்கள். பூட்டாமல் கேட்பாரற்று விட்ட விக்கியில் விளம்பரக் குப்பை வந்து சேரும். உங்களுடையதில் இந்நேரம் சேர்ந்தும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.